கமரா காணாத கூட்டம்: 19ஆம் நூற்றாண்டுக் கொழும்பின் ஒளிப்படங்களை எப்படி வாசிப்பது?

கொழும்பு கோட்டையில், இன்றைய ஜனாதிபதி மாவத்தையும் சதாம் வீதியும் சந்திக்கும் இடத்தில் ஒரு மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கிறது. அன்றைய தேசாதிபதி சேர் ஹென்றி வார்டின் மனைவி எமிலி எலிசபெத் வார்ட் அதனை வடிவமைத்தார். 1857இல் கட்டி முடிக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் கழித்து, 1867இல், அதன் உச்சியில் கலங்கரை விளக்கும் ஏற்றப்பட்டது. கடலுக்கு வெளிச்சமும் ஊருக்கு நேரமும் காட்டிய இந்தக் கோபுரத்தை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பில் தொழில் செய்த ஒளிப்படக்காரர்கள் திரும்பத் திரும்பப் படம் பிடித்தார்கள்.

அந்தப் படங்கள் இன்று முகநூலில் அடிக்கடி பகிரப்படுகின்றன. அகலமான வீதி, இரு மருங்கிலும் மரங்கள், நடுவே கோபுரம். வீதியில் ஆட்களைக் காண்பது அரிது. கீழே வரும் கருத்துகளும் ஏறத்தாழ ஒரே மாதிரியானவை: அந்தக் காலத்தில் கொழும்பு எவ்வளவு அமைதியாக இருந்தது, எவ்வளவு சுத்தமாக இருந்தது, சனநெருக்கடியே இல்லை.

படத்தைப் பெரிதாக்கி, வீதியின் தரைப் பகுதியை மட்டும் உற்றுப் பார்த்தால் வேறொன்று தெரியும். ஆங்காங்கே புகை படர்ந்தது போன்ற மங்கலான கறைகள். சில இடங்களில் கால்கள் மட்டும். சில இடங்களில் மாடு இல்லாத வண்டி. அவை அழுக்கோ, படம் பழுதானதன் அடையாளமோ அல்ல. கமரா திறந்திருந்த நேரத்தில் அந்த வழியே போனவர்களின் சுவடுகள் அவை. வீதி வெறுமையாக இருக்கவில்லை. வெறுமையாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால், "இங்கே யாரும் இருந்ததில்லை" என்ற ஒற்றை வசனத்துக்கு எவ்வளவு விலை கொடுக்க வேண்டிவரும் என்பதை இடம்பெயர்ந்து திரும்பிய எவரும் அறிவர். ஆகவே, பழைய கொழும்பின் ஒளிப்படங்களை யார் எடுத்தார்கள், யாருக்காக எடுத்தார்கள், அவற்றில் எது விழுந்தது, எது விழாமல் போனது என்பதை அறிந்துகொள்வது வெறும் பழங்கதை ஆர்வத்துக்கான விடயம் அல்ல.

மதில் விழுந்தது, துறைமுகம் எழுந்தது

1796இல் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் கொழும்பைக் கைப்பற்றியபோது அது மதில் சூழ்ந்த ஒரு கோட்டை நகரம். கோட்டைக்குள் ஆட்சியும் படையும் இருந்தன. வெளியே வணிகமும் குடியிருப்பும் இருந்தன. அடுத்த அரை நூற்றாண்டுக்கு மேலாகவும் அந்த அமைப்பு பெரிதாக மாறவில்லை.

மாற்றத்தை மலைநாட்டிலிருந்து கோப்பி கொண்டுவந்தது. கோப்பி மூட்டைகள் கொழும்புக்கு வந்து கப்பலேற வேண்டியிருந்தது. மாட்டு வண்டிகளில் வந்த சுமையை 1867இல் கண்டிக்கும் கொழும்புக்கும் இடையே திறக்கப்பட்ட புகையிரதப் பாதை பொறுப்பேற்றது. 1869இல் சுயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு வரும் நீராவிக் கப்பல்களின் பாதை குறுகியது. அதே 1869இல் கோட்டையின் மதில்களை இடிக்கும் வேலையும் தொடங்கியது. 1871 அளவில் மதில்கள் பெரும்பாலும் அகன்றுவிட்டன.

அதுவரை பெரிய கப்பல்கள் தங்கிச் சென்ற இடம் காலி. கொழும்பின் கடல் திறந்த கடல். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கப்பல்கள் அங்கே பாதுகாப்பாக நங்கூரமிட முடியாது. இதற்குத் தீர்வாக அலைதடுப்பு அணை கட்டத் தீர்மானிக்கப்பட்டது. இலங்கைக்கு வந்த வேல்ஸ் இளவரசர் 1875ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் திகதி அதற்கு அடிக்கல் நாட்டினார். ஒரு கிலோமீற்றருக்கும் அதிக நீளமான அந்த அணை 1885இல் முடிந்தது. காலித் துறைமுகம் தன் இடத்தை இழந்தது.

இதே காலத்தில்தான் நாம் இன்று "பழைய கொழும்பு" என்று சொல்லும் கட்டடங்கள் பல எழுந்தன. காலிமுக ஹொட்டேல் 1864இல், புறக்கோட்டையின் பழைய நகர மண்டபம் 1873இல், துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் கிராண்ட் ஓரியன்டல் ஹொட்டேல் 1875இல், நூதனசாலை 1877இல். நாட்டின் முதலாவது முறையான குடிசன மதிப்பீடு 1871இல் நடந்தபோது கொழும்பின் சனத்தொகை ஏறத்தாழ ஓர் இலட்சம். 1901இல் அது ஒன்றரை இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

நகரம் இவ்வாறு உருமாறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் ஒளிப்படக் கலையும் வளர்ந்துகொண்டிருந்தது. அதனால்தான் அந்த மாற்றத்துக்கு இவ்வளவு படச் சான்றுகள் இருக்கின்றன.

படம் எடுத்தவர்கள்

இலங்கையில் எடுக்கப்பட்டு இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஒளிப்படங்களில் முக்கியமானவை பிரெடெரிக் ஃபீபிக் என்பவர் 1852இல் எடுத்தவை. ஜேர்மனியரான இவர் கல்கத்தாவில் கல்லச்சுத் தொழில் செய்து, பின்னர் ஒளிப்படத்துக்கு மாறியவர். இலங்கையில் அவர் எடுத்த சுமார் 70 படங்கள் உள்ளன. அவரது சேகரிப்பைக் கிழக்கிந்தியக் கம்பனி வாங்கியது. இன்று அது லண்டனில் உள்ள பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. கோட்டை மதில்கள் இடிக்கப்படுவதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்னர் அவர் இங்கே வந்துபோனார் என்பதே அந்தப் படங்களின் பெறுமதியைச் சொல்லும்.

ஃபீபிக்கின் படங்கள் வர்ணத்தில் இருப்பதைப் பார்த்துச் சிலர் வியப்பதுண்டு. அது கமரா பதிந்த வர்ணம் அல்ல. தாளில் அச்சிட்ட படத்தின் மேல் தூரிகையால் பூசப்பட்டது. ஆகவே கூரையின் சிவப்பையும் ஆடையின் நீலத்தையும் அப்படியே சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது.

1860களிலிருந்து ஒளிப்படம் கொழும்பில் ஒரு நிலையான வியாபாரமானது. அரசாங்க அச்சகராக இருந்த வில்லியம் ஸ்கீனின் மகன் டபிள்யூ.எல்.எச். ஸ்கீன், லண்டனில் பயிற்சி பெற்றுத் திரும்பி நடத்திய ஸ்டூடியோ பல தசாப்தங்கள் நீடித்தது. சார்ள்ஸ் ஸ்கோவன் 1870களில் கண்டியில் தொழில் தொடங்கி, பின்னர் கொழும்பிலும் ஸ்டூடியோ வைத்தார். கண்டியில் இருந்த ஜோசப் லோட்டன் 1870, 1871இல் அனுராதபுரம், பொலனறுவை இடிபாடுகளைத் தொல்பொருள் ஆய்வுக்காகப் படம் பிடித்தார். 1890இல் பிளாட்டே தம்பதியர் கொழும்பில் தொடங்கிய நிறுவனம், அடுத்த நூற்றாண்டில் தபாலட்டைகளால் பெயர் பெற்றது.

இவர்களுடைய வாடிக்கையாளர் யார் என்பது முக்கியம். தோட்டத்துரைமார், அரச உத்தியோகத்தர், படையினர். 1880களுக்குப் பிறகு, துறைமுகத்தில் ஒரு நாளோ அரை நாளோ தங்கிச் செல்லும் கப்பல் பயணிகள். இவர்கள் ஸ்டூடியோவின் பட்டியலைப் பார்த்து, வேண்டிய படங்களை இலக்கம் சொல்லி வாங்கி, அல்பத்தில் ஒட்டி ஊருக்குக் கொண்டுபோனார்கள். அதனால்தான் பல படங்களின் ஓரத்தில் ஓர் இலக்கமும், ஆங்கிலத் தலைப்பும், ஸ்டூடியோவின் பெயரும் காணப்படுகின்றன.

வாங்குபவருக்கு எது பிடிக்குமோ அதையே ஒளிப்படக்காரர் எடுப்பார். தேசாதிபதியின் மாளிகை, தேவாலயம், வங்கி, ஹொட்டேல், துறைமுகம், மாலையில் காற்று வாங்கும் காலிமுகத்திடல். இங்கிலாந்தில் இருக்கும் தாய்க்கும் தமக்கைக்கும் அனுப்பி, "நான் இருக்கும் இடம் நாகரிகமான இடம்தான்" என்று சொல்ல ஏற்றவை. தோட்டிகள் வாழ்ந்த வரிசை வீடுகளின் படத்தை யாரும் காசு கொடுத்து வாங்கி அல்பத்தில் ஒட்டப்போவதில்லை.

வீதி ஏன் வெறுமையாக இருக்கிறது?

ஒளிப்படம் பற்றிப் படிக்கும் மாணவர்களுக்கு முதலில் காட்டப்படும் படங்களில் ஒன்று, பிரான்ஸைச் சேர்ந்த டகேர் 1838இல் பாரிஸ் நகரின் ஒரு பெருந்தெருவைத் தன் ஜன்னலிலிருந்து எடுத்தது. வண்டிகளும் ஆட்களும் நிறைந்த தெரு அது. படத்தில் தெரு முழுவதும் வெறுமை. ஒரு மூலையில் மட்டும் ஓர் உருவம் தெரிகிறது. அவர் சப்பாத்துக்கு மினுக்கம் போடுவதற்காக ஒரே இடத்தில் நின்றவர். அவர் நின்றதால் பதிவானார். நடந்துபோனவர்கள் எவரும் பதிவாகவில்லை.

கொழும்பின் படங்களிலும் நடந்தது இதுதான். 1850களிலிருந்து 1870களின் இறுதிவரை பெரும்பாலும் பயன்பட்டது ஈரக் கண்ணாடித் தகட்டு முறை. ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் பசைபோன்ற கொலோடியன் திரவத்தை ஊற்றி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, அந்த ஈரம் காய்வதற்குள் கமராவில் வைத்துப் படமெடுத்து, உடனே கழுவ வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பத்துப் பதினைந்து நிமிடம்தான் கிடைக்கும். கொழும்பின் வெக்கையில் அதுவும் குறையும். ஆகவே ஒளிப்படக்காரர் எங்கே போனாலும் இருட்டுக் கூடாரமும், இரசாயனப் போத்தல்களும், தண்ணீரும், கண்ணாடித் தகடுகள் அடுக்கிய பெட்டியும் கூடவே போக வேண்டும். அவற்றைச் சுமந்தவர்கள் உள்ளூர் கூலியாட்கள். படத்தின் ஓரத்தில் இருப்பதோ ஸ்டூடியோவின் பெயர் மட்டும்.

கமராவின் மூடியைத் திறந்து சில விநாடிகள் எண்ணிய பிறகே மூடுவார்கள். அந்தச் சில விநாடிக்குள் அசைந்த எதுவும் தகட்டில் சரியாக விழாது. கட்டடம் அசையாது, ஆகவே கட்டடம் செங்கல் செங்கலாகத் தெளிவாகத் தெரியும். சுமை தலையில் ஏற்றி ஓடியவர், மீன் கூடையோடு போன பெண், வண்டிக்காரன், பள்ளிக்குப் போன பிள்ளை எல்லோரும் ஒரு கறையாக மாறுவார்கள், அல்லது தடயமே இல்லாமல் போவார்கள்.

அப்படியானால் சில படங்களில் மனிதர்கள் மிகத் தெளிவாக நிற்கிறார்களே? அவர்களில் பலர் நிற்கும்படி சொல்லப்பட்டவர்கள். தூணின் உயரத்தையோ மரத்தின் பருமனையோ பார்ப்பவருக்கு உணர்த்துவதற்காக ஓர் ஆளைப் பக்கத்தில் நிறுத்துவது அக்கால வழக்கம். அளவுகோலுக்குப் பதிலாக ஒரு மனிதர். ஆக, தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போனவர் மறைந்துபோனார். "அசையாமல் நில்" என்ற கட்டளைக்குப் பணிந்தவர் நூற்றைம்பது ஆண்டுகளாக நின்றுகொண்டிருக்கிறார்.

இன்னுமொரு விடயம். அக்காலத் தகடுகள் நீல நிறத்தை மிக எளிதாக உள்வாங்கின. சிவப்பை ஏறத்தாழ உணரவே இல்லை. அதனால் நீல வானம் வெறும் வெள்ளையாகத் தெரியும். சிவந்த கூரை ஓடும், செம்மண் வீதியும், மண்ணிற மனிதத் தோலும் உண்மையில் இருந்ததைவிடக் கருமையாகத் தெரியும். முகத்தின் சாயல்கள் கருமைக்குள் அமுங்கிப்போகும். "சுதேசிகள்" பற்றி ஐரோப்பிய வாசகரின் மனத்தில் பதிந்த தோற்றத்தில் இந்த இரசாயனக் குறைபாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

1880களில், முன்கூட்டியே தயாரித்து வைக்கக்கூடிய உலர் தகடுகள் பரவலான பின்னர், ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் படமெடுக்க முடிந்தது. அதன் பிறகு எடுக்கப்பட்ட புறக்கோட்டைப் படங்களில் திடீரென்று ஆட்கள் நிறைகிறார்கள். மாட்டு வண்டிகளும் றிக்‌ஷாக்களும் முட்டிமோதுகின்றன. இரண்டு காலப் படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர், இருபது ஆண்டுகளில் கொழும்பில் சனம் பல மடங்கு பெருகிவிட்டது என்றே நினைப்பார். முப்பது ஆண்டுகளில் கூடியது பாதியளவுதான். பெரிதும் மாறியது கமராவின் வேகம்.

கட்டடமும் கட்டியவரும்

நூதனசாலையின் ஒளிப்படங்கள் பலவற்றில் வெள்ளை மாளிகை போன்ற அதன் முகப்பு தனியே எழுந்து நிற்கும். படத்தோடு இரண்டு பெயர்கள் சொல்லப்படும்: அதனை உருவாக்கிய தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரி, வரைபடம் வரைந்த ஜேம்ஸ் ஸ்மிதர். அதனைக் கட்டி எழுப்பியவர் அரசி மரிக்கார் வாப்சி மரிக்கார் என்ற முஸ்லிம் ஒப்பந்தக்காரர். புறக்கோட்டை நகர மண்டபம், கோட்டையின் பிரதான தபாலகம் உட்பட அக்காலக் கொழும்பின் முக்கியமான கட்டடங்கள் பலவற்றில் அவரது உழைப்பு இருக்கிறது. 1877ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி நூதனசாலை திறக்கப்பட்டபோது, "உமக்கு என்ன வேண்டும்" என்று தேசாதிபதி கேட்டதாகவும், வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைக்க வேண்டும் என்று அவர் கேட்டதாகவும் ஒரு கதை கொழும்பு முஸ்லிம்களிடையே இன்றும் வழங்குகிறது.

அலைதடுப்பு அணையின் கதையும் இதுபோன்றதே. அதன் கட்டுமானம் ஒளிப்படங்களில் விரிவாகப் பதிவானது. பாரந்தூக்கி, பிரமாண்டமான கொங்கிறீற் கட்டிகள், தொப்பியணிந்த பொறியியலாளர்கள். திட்டத்தை வகுத்த சேர் ஜோன் கூடின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. அணைக்கு வேண்டிய கருங்கல் மஹர கற்குழியில் உடைக்கப்பட்டது. உடைத்தவர்கள் சிறைக்கைதிகள். அவர்களைத் தங்கவைப்பதற்காகவே அங்கு சிறைச்சாலை அமைந்தது. துறைமுகத்தின் படத்தைப் பார்க்கும்போது அந்தக் கற்குழியையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும்.

படத்தின் கீழ் எழுதப்பட்ட பெயர்

ஒளிப்படத்தில் பொய் நுழைவதற்கு வசதியான வழி அதன் தலைப்பு. எதை எடுத்தோம் என்பதைவிட, எடுத்ததற்கு என்ன பெயர் வைத்தோம் என்பதே பிற்காலத்தில் நிலைக்கிறது.

புறக்கோட்டையைப் படங்களின் தலைப்புகள் "பெட்டா" என்கின்றன. ஆங்கிலச் சொல்போல ஒலிக்கும் இது எமது "பேட்டை" என்ற சொல்தான். தென்னிந்தியாவில் கோட்டைக்கு வெளியே இருந்த குடியிருப்புகளை ஆங்கிலேயர் அப்படி அழைத்துப் பழகி, அந்தப் பெயரை இங்கும் வைத்தனர். கொம்பனித்தெருவைத் தலைப்புகள் "அடிமைத் தீவு" என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரால் குறிப்பிடுகின்றன. ஒல்லாந்தர் காலத்தில் அடிமைகள் அங்கே அடைத்து வைக்கப்பட்டதன் நினைவு அது. ஏரியும் தென்னை மரங்களுமாக அழகிய காட்சியாக எடுக்கப்பட்ட படங்களின் கீழ் அந்தச் சொல் சாதாரண இடப்பெயராக எழுதப்பட்டிருக்கிறது.

மனிதர்களின் படங்களுக்கு வைத்த தலைப்புகள் இன்னும் உறுத்துபவை. "தமிழ்ப் பெண்", "தமிழ்க் கூலிகள்", "சோனகர்", "சிங்களவர்" என்று மனிதர்கள் மாதிரிகளாக வகைப்படுத்தப்பட்டார்கள். துரையின் பெயரும், தோட்டத்தின் பெயரும், சில வேளைகளில் குதிரையின் பெயரும்கூட எழுதப்பட்ட அல்பங்களில், கூலியின் பெயர் எழுதப்படவில்லை.

அந்தக் கூலிகள் யார்? தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து மன்னார் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து மாத்தளை ஊடாக மலையேறியவர்கள். வழியிலேயே பலரைப் பறிகொடுத்தவர்கள். கொழும்பின் செல்வமும், துறைமுகமும், அந்த அழகிய கட்டடங்களும் அவர்கள் பறித்த கோப்பியிலும் பின்னர் தேயிலையிலும் எழுந்தவை. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, அவர்களுடைய பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் கேட்கப்பட்டது ஆவணம். தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ நிறுவ வேண்டியிருந்தது. பாட்டனின் உழைப்புக்குச் சாட்சியாக ஒளிப்படம் லண்டனில் ஏதோ ஓர் அல்பத்தில் இருந்திருக்கலாம். பெயர் இல்லாத படம் எந்த அலுவலகத்திலும் ஆவணமாகாது.

படத்தில் அடங்காத தெரு

புறக்கோட்டைக்கு வடக்கே செட்டியார் தெரு. ஆங்கிலத் தலைப்புகளில் "கடல் தெரு". நாட்டுக்கோட்டைச் செட்டிமார் வட்டிக்கடையும் அரிசி வியாபாரமும் நடத்திய இடம். தோட்டத்துரைமாருக்கும் இறக்குமதி வணிகருக்கும் வங்கிகள் கொடுக்கத் தயங்கிய கடனை இந்தத் தெரு கொடுத்தது. கோட்டையின் வங்கிகள் அல்பங்களில் கம்பீரமாக இருக்கின்றன. செட்டிமார் பாயில் இருந்து கணக்கெழுதிய கிட்டங்கிகளுக்குப் படம் எடுக்கத்தக்க முகப்பு இருக்கவில்லை.

இங்குள்ள கதிரேசன் கோயில்களிலிருந்து புறப்படும் ஆடிவேல் விழா 1870களில் தொடங்கியது. வெள்ளி ரதம், காவடி, மேளம், தெருவை அடைத்த சனம். ஈரத் தகட்டுக் கமராவுக்கு முற்றிலும் ஒவ்வாத காட்சி அது. அசைவைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. ஒரு நகரத்தின் உயிர்ப்பான நாள் எதுவோ, அதுவே அக்காலக் கமராவுக்கு எட்டாத நாள்.

சற்றுத் தள்ளிக் கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசுவரர் கோயில். பொன்னம்பல முதலியார் 1850களில் கட்டிய கோயிலை, அவரது மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கல்லால் புதிதாக எழுப்பினார். நாம் இன்று காண்பது அந்தக் கருங்கற்கோயில். 19ஆம் நூற்றாண்டுப் படமொன்றில் இந்த இடத்தைத் தேடுபவர் வேறொரு கட்டடத்தைத் தேட வேண்டும்.

அந்தப் படங்கள் எடுக்கப்பட்டு ஒரு நூற்றாண்டு கழித்து, 1983 யூலையில், புறக்கோட்டையில் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டன. கணக்குப் புத்தகங்களும், பெயர்ப்பலகைகளும், கடைச் சுவரில் மாட்டியிருந்த தாத்தாமாரின் படங்களும் சேர்ந்தே எரிந்தன. துரைமாரின் கொழும்பு வெளிநாட்டு நூலகங்களில் பத்திரமாக இருக்கிறது. எமது கொழும்பின் படங்கள் எமது கடைகளிலும் வீடுகளிலும் இருந்தன, அவற்றோடு போயின.

இன்று எங்கே பார்க்கலாம்?

பிரித்தானிய நூலகத்திலும், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ள அரச பொதுநலவாயச் சங்கத்தின் சேகரிப்பிலும் இலங்கைப் படங்கள் பெருமளவில் இருக்கின்றன. இஸ்மத் ரஹீமும் பேர்சி கொலின் தோமேயும் இணைந்து 2000இல் வெளியிட்ட, 19ஆம் நூற்றாண்டு இலங்கை ஒளிப்படங்கள் பற்றிய நூல் இத்துறையில் தவிர்க்க முடியாதது. இணையத்தில் தேடுவோர் இன்றைய பெயர்களைக் கொடுத்தால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. சிலோன், பெட்டா, சீ ஸ்ட்ரீட் போன்ற பழைய பெயர்களை ஆங்கில எழுத்தில் கொடுத்துத் தேட வேண்டும். அந்தத் தலைப்பை வைத்தவர்களின் மொழியில் தேடினால்தான் அந்தப் பெட்டி திறக்கும்.

படம் கிடைத்ததும் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். கமரா எந்த இடத்தில், எந்த உயரத்தில் நிற்கிறது. மாடியிலிருந்து பார்க்கிறதா, தெருவிலிருந்து பார்க்கிறதா? தரையில் கறைகள் இருக்கின்றனவா? நிற்பவர்கள் தாமாக நிற்கிறார்களா, நிறுத்தப்பட்டிருக்கிறார்களா? தலைப்பை எழுதியவர் யார். எடுத்தவரா, வாங்கியவரா, பின்னாளில் பட்டியலிட்ட நூலகரா? இந்த நான்குக்கும் விடை தேடினால், அழகிய பழைய படம் ஒன்று சாட்சியமாக மாறும்.

எமது கையிலுள்ள படங்கள்

கொழும்பின் வெறிச்சோடிய வீதிகளைப் பற்றிப் படிக்கும்போது வன்னியின் காணிகள் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. சனம் துரத்தப்பட்டுப் பத்து, இருபது வருடங்கள் ஆளில்லாமல் கிடந்த வளவுகளில் பற்றை மூடியது. திரும்பி வந்தவர்களிடம், இது காடு, இங்கே குடியிருப்பு இருந்ததற்கு அடையாளம் இல்லை என்று சொல்லப்பட்ட கதைகள் பல. மேலிருந்து எடுத்த படத்தில் மரங்கள்தான் தெரியும். பற்றைக்குள் கிடக்கும் கிணற்றுக்கட்டும், அத்திவாரமும், பிள்ளையின் பெயரில் நட்ட பலாமரமும் தெரியாது. சில விநாடிகள் திறந்திருந்த கமரா கொழும்பு வீதியில் நடந்தவர்களை இல்லாமல் செய்தது. இங்கே, சனம் விரட்டப்பட்ட பிறகு திறந்த கமரா அதையே செய்கிறது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. அதற்குப் பிறகான இடப்பெயர்வுகளில் எத்தனை வீட்டு அல்பங்கள் போயின என்பதற்குக் கணக்கு இல்லை. உறுதியும், பிறப்புச் சான்றிதழும், அடையாள அட்டையும் வைத்த ஒரு பைக்குள் செருகிக்கொண்டு வந்த இரண்டு மூன்று படங்கள்தான் பல குடும்பங்களில் எஞ்சியவை. காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளின் படத்தை நெஞ்சோடு பிடித்து வீதியோரம் இருக்கும் தாய்மாரின் கைகளில் இருப்பதும் பெரும்பாலும் அப்படித் தப்பி வந்த ஒரு படம்தான். அந்தத் தாய்மார் படத்தோடு பெயரையும், திகதியையும், கடைசியாகக் கண்ட இடத்தையும் எழுதி வைத்திருக்கிறார்கள். அல்பக்காரர்கள் எழுதாமல் விட்டதை அவர்கள் எழுதுகிறார்கள்.

எஞ்சியிருக்கும் படங்களுக்கு நாமும் அதைச் செய்யலாம். படத்தின் பின்பக்கத்தில், மெல்லிய பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள்: நிற்பவர்களின் பெயர்கள் இடமிருந்து வலமாக, ஊர், ஆண்டு, யாருடைய வீட்டு முற்றம், எடுத்தவர் யார். பின்னணியில் தெரியும் கிணறு, மதில், கோயில், கடை எது என்பதையும் எழுதுங்கள். பலருக்கு அந்தப் பின்னணிதான் பின்னாளில் தேவைப்படுகிறது. பேனா வேண்டாம், மை ஊறும். கைபேசியில் இரு பக்கங்களையும் படமெடுத்து, வேறு இடத்திலுள்ள உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். இலங்கைத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் எண்ணிமப்படுத்தி வரும் நூலக நிறுவனம் ஒளிப்படங்களையும் பாதுகாக்கிறது; அவர்களிடம் ஒரு பிரதி கொடுக்கலாம்.

பெயர்களை இன்னும் சொல்லக்கூடிய அம்மம்மாவும் அப்பப்பாவும் வீட்டில் இருந்தால், இந்த வார இறுதியிலேயே அல்பத்தோடு அவர்கள் பக்கத்தில் போய் இருங்கள்.